எந்த சென்ட்டுங்க?

நான் முப்பத்தோரு வருஷம் பெங்களூரில் கம்பைலர் எழுதினேன் என்று சொன்னால், ஏற்காட்டில் என் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு அது கண்டக்டர் என்றுதான் காதில் விழுகிறது. பொம்பளைகளையும் அதுக்கு எடுக்கிறார்களா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய தப்பும் இல்லை.

செம்மநத்தம் பஸ்ஸில் ஒருவர் ஏறி "ரெண்டு" என்று மட்டும் சொல்கிறார். கண்டக்டர் ஊரைக் கேட்காமலே டிக்கெட் கிழிக்கிறார். ஏறிய நிறுத்தம், கையில் இருக்கும் பை, பக்கத்தில் நிற்கும் மனைவி, இவற்றை வைத்தே அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. கம்பைலருக்கும் அதே வேலைதான். மனிதர் எழுதும் புரோகிராமை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவதற்கு முன், அதில் வரும் ஒவ்வொரு பெயரும் என்ன வகை என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணா, எழுத்தா? நீளமா, எடையா? எழுதியவர் சொல்லியிருந்தால் சரி. சொல்லவில்லை என்றால் முன்னும் பின்னும் பார்த்துத் தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகிக்கும் பகுதிதான் என் பிழைப்பாக இருந்தது.

இதை இப்போது எழுதவைத்தவள் கவிதா. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள், கெட்டிக்காரி. போன மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இப்போதெல்லாம் புரோகிராமைப் பெரும்பாலும் ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது. நம்முடைய கம்பைலர் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறதே, அதற்கும் அதுவே பதிலை ஊகித்து நிரப்பிவிடும். ஆகவே அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்று டீமில் பேச்சு. அதை வைத்தது நீங்கள்தானாமே, ஏன் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது முடிகிற காரியமாக இல்லை.

அப்பா இங்கே ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் சேலத்தில் படித்தேன், பெங்களூரில் வேலை கிடைத்தது, முதல் நாலு வருஷம் மற்றவர்கள் விட்ட பிழைகளைத் திருத்தியதில் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் கம்பெனி பம்பு, மோட்டார், பால் குளிரூட்டும் தொட்டி இவற்றையெல்லாம் இயக்கும் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்தது. அந்தப் பெட்டிகளுக்கென்று சொந்தமாக ஒரு சிறிய புரோகிராம் மொழி உண்டு. எலெக்ட்ரீஷியன்கள் எழுதக்கூடிய மொழியாக இருக்க வேண்டும் என்பது அதன் லட்சியம். அதற்குத்தான் நான் வகை ஊகிக்கும் பகுதியை எழுதினேன்.

எனக்கு அதில் கர்வம் அதிகம். எழுதுகிறவர் எதையுமே சொல்ல வேண்டாம், நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்பதுதான் என் கொள்கை. எல்லாவற்றையும் தானே ஊகிக்கும் கம்பைலரை எழுதவே முடியாது, மொழி கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது என்று பெரியவர்கள் நிரூபித்து வைத்திருக்கிறார்கள். அந்த நிரூபணத்தைப் படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் மனசுக்குள் நம்பவில்லை. கம்பைலர் நின்று கேள்வி கேட்டால் அது எனக்கு மானக்கேடு. வீட்டிலும் இதே குணம்தான். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும்.

எங்கள் டீமுக்குத் தலைவர் கோதண்டம் சார். சேலத்துக்காரர். அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. நேற்று சேர்ந்த பையனுக்கும் 'ங்க'தான், காபி கொண்டுவருகிறவருக்கும் 'ங்க'தான். கம்பைலர் தப்பு செய்தால்கூட "அவரு என்ன சொல்றாருங்க" என்றுதான் கேட்பார். எதையாவது அடித்துச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்.

"இது உங்களுக்குத் தெரியுங்களா, தோணுதுங்களா?"

குரலில் குத்தல் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் முக்கால்வாசி நேரம் எனக்குத் தோன்றியதாகத்தான் இருக்கும்.

அவர் இரண்டு நடைமுறைகள் வைத்திருந்தார். ஒன்று, கம்பைலர் காட்டும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அவர் எழுந்து நின்று வாய்விட்டு வாசிப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். எலெக்ட்ரீஷியன்களுக்காகத் தமிழிலும் செய்தி வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தவரும் அவர்தான். இரண்டாவது, வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாரம் வந்த புகார்களை வாசிப்பது. தீராத புகார்களை அல்ல, 'முடிந்தது' என்று மூடிவைத்த புகார்களை. திறந்திருப்பதை யாராவது பார்த்துக்கொள்வார்கள், மூடியதை யார் பார்ப்பது என்பார்.

நான் சொல்லவந்த வருஷத்தில் எங்கள் மொழிக்கு அளவு வகைகள் வந்தன. லிட்டர், நிமிஷம், ஏக்கர் என்று எண்ணோடு சேர்த்து எழுதினால், லிட்டரையும் நிமிஷத்தையும் கூட்டும்போது கம்பைலர் தடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அளவு எழுதாமல் விட்டு, ஊகிக்கவும் சாட்சி எதுவும் இல்லாவிட்டால்? அது லிட்டராகவும் இருக்கலாம், நிமிஷமாகவும் இருக்கலாம், இரண்டுமே பொருந்துகிறது. அந்த இடத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை. எனக்கோ கேட்பது மானக்கேடு. அதனால் ஒரு விதி எழுதினேன். சந்தேகம் வந்தால் அளவே இல்லாத வெறும் எண் என்று வைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் மேலே போய்விட வேண்டியது. டீமில் அதற்கு 'சும்மா எண்' என்று பெயர் வைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பழைய புரோகிராம் எல்லாம் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடியது. எனக்குப் பாராட்டு வந்தது. கோதண்டம் சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார்.

அதன் பிறகு வந்த மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சார் நின்றுகொண்டு மூடிய புகார்களை வாசித்தார். அதில் ஒன்று இப்படி இருந்தது: "எண்பது சென்ட் காட்டுக்கு முப்பது சென்ட் மழை. மீதித் தண்ணீர் வரவில்லை. மொட்டு காய்கிறது." அதற்குக் கீழே எங்கள் உதவிப் பிரிவில் யாரோ எழுதியிருந்த குறிப்பு: "சென்ட் என்பது நில அளவு. மழையை சென்ட்டில் அளப்பதில்லை. வாடிக்கையாளர் குழப்பம். முடிந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது சென்ட் மழை பெய்தால் பட்டா யார் பேரில் என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன். சிரித்து முடிக்கும் முன்பே அப்பாவின் கை கண்ணுக்கு வந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அவர் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் இருக்கும் மழைமானியைத் தூக்கிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, "நேத்து நாப்பது சென்ட்டு" என்று நோட்டில் எழுதுவார். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். காப்பித் தோட்டக்காரர்கள் மழையை சென்ட்டில்தான் அளப்பார்கள். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு நிலத்துக்கு சென்ட். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு மழைக்கும் சென்ட். பள்ளிக்கூடத்தில் மில்லிமீட்டர் என்று சொல்லித்தந்தபோது, அது கீழே சேலத்தில் பெய்யும் மழைக்கு என்றே நினைத்திருந்தேன்.

"சார், அதுல குழப்பம் ஒண்ணும் இல்லீங்க. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியுங்களா, தோணுதுங்களா?"

"தெரியுங்க."

முகவரியைப் பார்த்தோம். மாரமங்கலம். எங்கள் வீட்டிலிருந்து பஸ் போகும் ஊர். புகார் எழுதியவர் முருகேசன், கிளியூரில் இருக்கும் எலெக்ட்ரீஷியன். பம்பு மாட்டப் போன இடத்தில் எங்கள் பெட்டிக்கும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

அவர் சொன்னது இது. மாரமங்கலத்தில் பதினோரு சின்னத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். மார்ச்சில் முதல் மழை ஒரு அங்குலம், அதாவது நூறு சென்ட், பெய்தால்தான் காப்பிச் செடி சரியாகப் பூக்கும். அரைகுறையாகப் பெய்தால் மொட்டு பாதி விழித்துக் காய்ந்துபோகும். நாலைந்து நாளுக்குள் மீதியை ஸ்பிரிங்ளரில் கொடுத்துவிட்டால் தேறிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் எவ்வளவு மீதி என்று கணக்குப் பார்த்துக் குழாயைத் திறந்து மூடுவது எங்கள் பெட்டி. செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. பத்துத் தோட்டத்துக்குச் சரியாகத் தண்ணீர் போனது. பதினோராவது தோட்டத்துக்குப் பேருக்குக் கொஞ்சம் தெளித்துவிட்டு நின்றுவிட்டது.

அந்தத் தோட்டம் ராசாத்தியக்காவுடையது. பதினாறு வயசிலிருந்து அடுத்தவர் எஸ்டேட்டில் பழம் பறித்தவர். எண்பது சென்ட் வாங்கி, தானே குழி வெட்டி, தானே நாற்று நட்டு, நாலு வருஷம் காத்திருந்தார். அந்த மார்ச்சில்தான் அவருடைய செடிகள் முதன்முறையாகப் பூக்க வேண்டும். தண்ணீர் போதவில்லை என்று கண்டுபிடித்ததும் அவர்தான். மண்ணைத் தோண்டி விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். உடனே முருகேசனைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிப் போடு என்று நின்றிருக்கிறார்.

புரோகிராமை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. நூறிலிருந்து மழையைக் கழித்து நிலத்தால் பெருக்கு என்று ஒரே ஒரு கணக்கு. முருகேசன் அதைத் தோட்டத்துக்கு ஒரு வரியாகப் பதினோரு வரியில் பயன்படுத்தியிருந்தார். பத்து வரியில் முதலில் நிலம், பிறகு மழை. கடைசி வரியில், ராசாத்தியக்கா தோட்டத்து மழைமானியை அன்றைக்குத்தான் மாட்டியிருந்ததால், அதே ஞாபகத்தில் முதலில் மழைமானியை எழுதிவிட்டார். முப்பது சென்ட் நிலத்தில் எண்பது சென்ட் மழை என்று பெட்டி எடுத்துக்கொண்டது. இருபது குறைகிறது, முப்பதால் பெருக்கு, அறுநூறு. வரவேண்டியது எழுபது பெருக்கல் எண்பது, ஐயாயிரத்து அறுநூறு. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் போயிருக்கிறது.

"எத்தனையோ தடவை பாத்தனுங்க மேடம். எம்பதும் இருக்குது, மழைமானியும் இருக்குது. கம்பைலரும் ஒண்ணுமே சொல்லலீங்களே. அப்ப சரியாத்தான் இருக்கும்னு குழாயைப் போயிக் கழட்டிப் பாத்துட்டு இருந்தேனுங்க" என்றார் முருகேசன்.

கம்பைலர் ஒன்றுமே சொல்லாததற்குக் காரணம் நான். அந்த மழைமானிக்குள் ஒரு சின்ன வாளி இருக்கும். ஒரு சென்ட் தண்ணீர் சேர்ந்ததும் கவிழும். கவிழ்ந்ததை எண்ணுகிறது என்பதால் வருவது வெறும் எண். நிலமும் வெறும் எண். எதை எங்கே வைத்தாலும் பொருந்தும். ஊகிக்க ஒரு சாட்சியும் இல்லாத அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கம்பைலரை நான்தான் வாயடைத்து வைத்திருந்தேன். இத்தனைக்கும் அந்தப் புகாரில் 'காட்டுக்கு' என்றும் 'மழை' என்றும் அழுத்தந்திருத்தமாக எழுதியிருந்தது. ராசாத்தியக்கா வகையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வரியை மாற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொட்டியிலிருந்து மீதித் தண்ணீர் போனது.

சாரிடம் போய், அந்த விதியை எடுத்துவிடலாம் சார் என்றேன். எடுத்தால் எத்தனை பேர் திட்டுவார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்றேன். அது தெரியுமா, தோன்றுகிறதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. முதலில் செய்தியை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். "பிழை: அளவு வகை தெளிவற்றது" என்று எழுதிக் கொடுத்தேன். எழுந்து நின்று வாசித்தார், உட்கார்ந்துகொண்டார்.

"இதைக் கேட்டா எனக்கே பயமா இருக்குதுங்க. அவரு ஒரு தப்பும் பண்ணலையே, நமக்குத்தானே தெரியலை. உங்க ஊர்ல இதை எப்படிக் கேப்பாங்க?"

"எந்த சென்ட்டுங்கன்னு கேப்போம் சார்."

"அதையே போடுங்க."

அப்படித்தான் அந்தச் செய்தி பிறந்தது. இடத்துக்கு இடம் அளவின் பெயர் மாறும். "எந்த சென்ட்டுங்க? நிலமா, மழையா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்கள் சொன்னால் மேலே போகிறேன்." டீமில் இருந்த கன்னடக்காரர்களும் பஞ்சாபிப் பையனும்கூட அந்தப் பிழைக்கு 'எந்த சென்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புது வெர்ஷன் போனதும் எதிர்பார்த்தபடி வசை மழை. அதையும் சென்ட்டில் அளந்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து வேறு மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து ஒருவர், நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன், நிமிஷம் இருக்க வேண்டிய இடத்தில் டிகிரியைப் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். சார் அதையும் நின்றுகொண்டுதான் வாசித்தார்.

இந்தக் கடிதங்களுக்கெல்லாம் முன்பே, அந்த மார்ச் மழை பெய்து இரண்டு வாரம் கழித்து, லீவு போட்டு ஊருக்கு வந்தேன். முருகேசனோடு மாரமங்கலம் போனேன். பூவெல்லாம் உதிர்ந்து காம்பில் பச்சைப் புள்ளி வைத்திருந்தது. மேலே பாறையை ஒட்டியிருந்த மூன்று வரிசையில் மட்டும் மொட்டு கருகி நின்றது. என்னால் ஆன நஷ்டம் அது, நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று ராசாத்தியக்காவிடம் சொன்னேன். கம்பைலர், விதி என்று ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரைட்டர் ஊட்டுப் பொண்ணுங்களா நீங்க? மூணு வரிசை போச்சு, மத்ததெல்லாம் நொம்ப நல்லாப் பூத்துச்சுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

கவிதாவுக்கு இதையெல்லாம் எழுதிப் போட்டேன். அவள் விடுகிறவளா? இது பழைய கதை, இப்போது வந்திருக்கும் ஏஐ அப்படியில்லை, சுற்றுப்புறத்தையே பார்த்து ஊகிக்கும் என்றாள். அன்றைய மழை, தோட்டம், பழைய பதிவு எல்லாம் அதற்குத் தெரியுமாம். போனில் வாயால் சொன்னால் போதும், அதுவே புரோகிராமைத் திருத்திவிடுமாம். கேள்வி கேட்கும் வெர்ஷன் ஒன்று, கேட்காத வெர்ஷன் ஒன்று, இரண்டையும் என் போனில் ஏற்றிவிட்டாள். நீங்களே போய் உங்கள் ராசாத்தியக்காவை வைத்துப் பார்த்துவிட்டு நியாயம் சொல்லுங்கள் என்றாள். எனக்கு அவளுடைய தைரியம் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால் அந்த வயசில் நானும் இப்படித்தான் வாதாடியிருப்பேன்.

போன வாரம் காலை பஸ்ஸில் மாரமங்கலம் போனேன். வழியெல்லாம் தூறல், நான் இறங்கியபோதுதான் விட்டிருந்தது. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ராசாத்தியக்காவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, குரல் அப்படியேதான் இருக்கிறது. பாறையை ஒட்டிய மூன்று வரிசையும் தழைத்து நின்றன. விஷயத்தைச் சொல்லி, தோட்டத்துக் கணக்கில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் இதில் சொல்லுங்கள் என்று போனை நீட்டினேன்.

நல்லவேளையா வந்தீங்க என்றார். போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, "இருவது சென்ட்டு. எழுதிக்க சாமி" என்றார்.

முதலில் கேள்வி கேட்காத வெர்ஷன். கண் மூடித் திறப்பதற்குள் இன்றைய மழை இருபது சென்ட் என்று எழுதிக்கொண்டு நன்றி சொன்னது. நானும் தலையாட்டினேன். ஈர இலையைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன், அந்தத் தூறல் இருபது சென்ட் இருக்கும். கவிதா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். இருந்தாலும் வந்த வேலையை முழுதாகச் செய்வோம் என்று அடுத்த வெர்ஷனைத் திறந்து, அதையே திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அது நின்றது. நான் என்றைக்கோ எழுதிய வார்த்தைகள் ஒரு பெண் குரலில் வெளியே வந்தன.

"எந்த சென்ட்டுங்க? நிலமா, மழையா?"

ராசாத்தியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைப் பார்த்து ஒரு குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"காடுதாஞ் சாமி. பக்கத்துல இருந்ததை வாங்கிட்டேன். முந்தாநேத்துத்தான் பத்திரம் பதிஞ்சுது. இப்ப நூறு சென்ட்டு ஆயிப்போச்சு, முழுசா ஒரு ஏக்கரு."

சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இருபது சென்ட்டையும் காட்டினார். குழி வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் காலைத் தூறல் கொஞ்சம் தேங்கியிருந்தது.

கவிதா, உன் ஏஐ மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது ஊகித்ததைத்தான் நானும் ஊகித்தேன். அந்த மலையில் பிறந்து, முப்பத்தோரு வருஷம் இதே வேலையைப் பார்த்து, ஈர இலைக்குக் கீழே நின்றுகொண்டு ஊகித்தேன். அவருக்கு ஒரு ஏக்கர் நிலம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டதால்தான் தெரிந்தது.